இட்லி ஒன்று: லண்டன் கணக்கு, பெர்லின் கணக்கு, டொரன்டோ கணக்கு

நொய்யரிசி | பிப்ரவரி 3, இரவு 10.15

சர்க்கரை நோய்க்கான உணவுத் தாளில் "ஒரு பங்கு" என்று போடுகிறார்களே, அது ஏன் நாட்டுக்கு நாடு ஒத்துப்போவதில்லை? ஜெர்மன் தாளில் வெந்த சோறு 45 கிராம். அமெரிக்கத் தாளில் மூன்றில் ஒரு கப். ஜப்பானில் 50 கிராம், கொரியாவில் 70. இந்தியத் தாளில் வேகாத அரிசி 30 கிராம். அரிசி எல்லா ஊரிலும் அரிசிதானே. என் கட்சி இது: இதில் ஒன்றுதான் சரி, மற்றவை காலாவதியான தாள்கள். மறுப்பவர்கள் வரலாம்.

தராசுமுள் | பிப்ரவரி 3, இரவு 11.02

மறுக்கிறேன். நீங்கள் சொன்ன ஐந்தும் சரி, ஐந்தும் புழக்கத்தில் இருப்பவை. பங்கு என்பது அரிசியின் அளவு இல்லை. இத்தனை கிராம் மாவுச்சத்து அல்லது இத்தனை கலோரி ஒரு பங்கு என்று முதலில் முடிவு செய்கிறார்கள். அதற்கு எவ்வளவு சோறு வரும் என்பது பிறகுதான்.

மாவுச்சத்தை வைத்து எண்ணும் நாடுகள்: பிரிட்டன், சுவிட்சர்லாந்து, ஸ்பெயின், போலந்து 10 கிராம். ஜெர்மனி, ஆஸ்திரியா 12 கிராம். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா 15 கிராம்.

கலோரியை வைத்து எண்ணும் நாடுகள்: ஜப்பான் 80, சீனா 90, கொரியா 100, இந்தியா (தானியப் பங்குக்கு) 100. இவற்றின் ஒரு தானியப் பங்கில் எவ்வளவு மாவுச்சத்து என்று பார்த்தால் ஜப்பானில் 18 கிராம், சீனாவிலும் இந்தியாவிலும் 20, கொரியாவில் 23.

ஆக மிகச் சிறிய பங்கு 10, மிகப் பெரியது 23. "வேளைக்கு மூன்று பங்கு" என்ற ஒரே வாக்கியம் லண்டனில் 30 கிராம், சியோலில் 69 கிராம்.

தராசுமுள் | பிப்ரவரி 3, இரவு 11.20

சேர்க்க வேண்டியது: இந்த இரண்டு வகையும் இரண்டு வேலைக்காக வந்தவை. 10, 12 எல்லாம் இன்சுலின் அளவைச் சாப்பாட்டோடு பொருத்துவதற்கு. அதனால் மாவுச்சத்து மட்டும் கணக்கு. முட்டையோ எண்ணெயோ அதில் வராது. கலோரிப் பங்கு முழுநாள் சாப்பாட்டையும் அளந்து வைப்பதற்கு. ஜப்பானில் 50 கிராம் சோறும் ஓர் அலகு, ஒரு முட்டையும் ஓர் அலகு. 1,600 கலோரித் திட்டம் என்றால் நாளுக்கு 20 அலகு. அதை ஆறு உணவு அட்டவணைகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். அங்கே "6 அலகு" என்று மொட்டையாகச் சொன்னால் எவ்வளவு சோறு என்று யாருக்கும் தெரியாது.

அமெரிக்கப் பட்டியல் (1950இல் வந்தது) இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மாவுப் பங்கு ஒன்றுக்கு 15 கிராம் மாவுச்சத்து, 3 கிராம் புரதம், 80 கலோரி என மூன்றையும் சேர்த்துச் சொல்லும்.

பாண்துண்டு | பிப்ரவரி 4, காலை 6.48

ஜெர்மனியைப் பற்றி ஒரு திருத்தம். 12 கிராம் எண்டது பழைய சட்டத்தில இருந்த பி.ஈ. (பாண் அலகு) கணக்கு. இப்ப 10 தொடக்கம் 12 கிராம் வரைக்கும் ஒரு அலகு எண்டுதான் சொல்லிக் குடுக்கினம். பி.ஈ. எண்டாலும் கே.ஈ. (மாவுச்சத்து அலகு) எண்டாலும் நடைமுறையில பெரிய வித்தியாசம் இல்லை. கோப்பையைக் கண்ணால பார்த்து மதிக்கிறதில வாற பிழை இந்த 2 கிராமை விடப் பெரிசு. ஆனால் உங்கட டொக்டர் காரணியை (ஒரு அலகுக்கு எத்தனை யூனிட் இன்சுலின் எண்ட எண்) 12ஐ வைச்சுப் போட்டவரோ 10ஐ வைச்சோ எண்டு கேட்டு வையுங்கோ. அது வேற விசயம்.

கடையில "நீரிழிவுக்காரருக்கு" எண்டு தனி பிஸ்கட், ஜாம் இப்ப தேடாதேங்கோ. ஜெர்மனியில அந்த முத்திரை 2012 ஒக்டோபரோட முடிஞ்சுது. சீனிக்குப் பதிலா ஃப்ரக்டோஸ் போட்டு, கொழுப்பைக் கூட்டி, விலையையும் கூட்டி வித்ததுதான் மிச்சம்.

அரைக்கப் | பிப்ரவரி 4, காலை 8.10

இதெல்லாம் படிக்கிற வேகத்தில் யாராவது பழைய ஊர் காரணியைப் புது ஊர் பங்கோடு பெருக்கிவிடுவார்கள். அதைத்தான் முதலில் பேச வேண்டும். சோறு 45ஆ 50ஆ என்பது சின்ன விஷயம்.

தராசுமுள் | பிப்ரவரி 4, மதியம் 1.35

ஆமாம், அதையே எடுத்துக்கொள்வோம்.

ஜெர்மனியில் காரணி எழுதும் முறை: ஒரு பி.ஈ.க்கு எத்தனை யூனிட் இன்சுலின். அமெரிக்காவில் தலைகீழ்: ஒரு யூனிட் எத்தனை கிராமைத் தாங்கும். பிரிட்டனில் 10 கிராமுக்கு எத்தனை யூனிட்.

ஒருவருடைய ஜெர்மன் காரணி 1.5 என்று வையுங்கள், 12 கிராம் கணக்கில். 12ஐ 1.5ஆல் வகுத்தால் 8. அமெரிக்காவில் இதே ஆள் "ஒன்றுக்கு எட்டு". பிரிட்டனில் 10ஐ 8ஆல் வகுத்து 1.25. கனடாவின் 15 கிராம் பங்குக்கு 15ஐ 8ஆல் வகுத்து ஏறக்குறைய 1.9. நான்கும் ஒரே மருந்து, ஒரே ஆள்.

மாற்றாமல் விட்டால் என்ன ஆகும்? 60 கிராம் மாவுச்சத்துள்ள சாப்பாடு. சரியான கணக்கு: 5 பி.ஈ. × 1.5 = 7.5 யூனிட். லண்டன் தாளில் அதே சாப்பாடு 6 பங்கு, பழைய 1.5ஆல் பெருக்கினால் 9 யூனிட். 20 சதவீதம் கூடுதல், சர்க்கரை இறங்கும். டொரன்டோ தாளில் 4 பங்கு, 6 யூனிட், 20 சதவீதம் குறைவு. இந்தியத் தாளில் 3 பங்கு, 4.5 யூனிட், 40 சதவீதம் குறைவு.

பிரிட்டனில் "ஒன்றுக்கு ஒன்று" என்று சொன்னால் 10 கிராமுக்கு 1 யூனிட். அமெரிக்கச் செவிலியர் அதை ஒரு கிராமுக்கு ஒரு யூனிட் என்று எடுத்துக்கொண்டால் பத்து மடங்கு. அதனால் ஊர் மாறும்போது மருத்துவமனையில் பங்குப் பெயரே சொல்ல வேண்டாம். "ஒரு யூனிட் இத்தனை கிராம் மாவுச்சத்துக்கு" என்று கிராமிலேயே சொல்லுங்கள். புதிய ஊர்த் தாளுக்கான எண்ணை அங்குள்ள மருத்துவர் கையால் எழுதி வாங்குங்கள்.

நொய்யரிசி | பிப்ரவரி 4, மாலை 5.20

சரி, கட்சி மாறுகிறேன். ஆனால் சோறு விஷயம் இன்னும் ஒட்டவில்லை. 12 கிராமுக்கு 45 கிராம் சோறு என்றால் 18 கிராமுக்கு 67 வர வேண்டும். ஜப்பான்காரர் 50 என்கிறார். எப்படி?

தராசுமுள் | பிப்ரவரி 4, மாலை 6.05

தண்ணீர்தான். ஜப்பானியச் சோற்றில் 100 கிராமுக்கு சுமார் 37 கிராம் மாவுச்சத்து. ஒட்டும் அரிசி, குறைந்த தண்ணீர், எல்லாம் உள்ளேயே வற்றும். அமெரிக்கப் பட்டியலின் நீள அரிசிச் சோற்றில் 28. நம்மூர்ப் புழுங்கலரிசியைக் கஞ்சி வடித்தால் 24, 25 வரை இறங்கும்; குக்கரில் தண்ணீரைக் குறைத்து வைத்தால் 30க்கு மேல் போகும். வெந்த சோற்றுக்கு எந்த நாட்டுத் தாளையும் நம்ப வேண்டாம். உங்கள் பானையை ஒரு முறை அளந்தால் போதும்.

வெறும் பானையின் எடையைக் குறியுங்கள். அரிசியை வேகாமல் எடை போடுங்கள், 300 கிராம் என்று வைப்போம். வேகாத அரிசியில் நார் போக 78 சதவீதம் மாவுச்சத்து: 300 × 0.78 = 234 கிராம். வெந்தபின் பானையோடு எடை போட்டு, பானையைக் கழியுங்கள். சோறு 840 கிராம் என்றால் 234ஐ 840ஆல் வகுக்க 100 கிராம் சோற்றில் 27.9 கிராம். இனி எந்த நாட்டுப் பங்கானாலும் இதை வைத்தே போடலாம். 10 கிராமுக்கு 36 கிராம் சோறு, 12க்கு 43, 15க்கு 54, 20க்கு 72.

வடித்த சோற்றில் இந்தக் கணக்கு கொஞ்சம் அதிகமாகவே காட்டும், ஏனென்றால் கஞ்சியோடு மாவு வெளியேறுகிறது. அந்தக் கஞ்சியை உப்புப் போட்டுக் குடிப்பவர்கள் பேசாமல் முழுக் கணக்கையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அரைக்கப் | பிப்ரவரி 4, இரவு 9.44

கப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. ஆஸ்திரேலிய, கனடியக் கப் 250 மி.லி. அமெரிக்க லேபிள் கப் 240. ஜப்பானியச் சமையல் கப் 200. ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் 180 மி.லி., அரிசி சுமார் 150 கிராம் பிடிக்கும். அமெரிக்கத் தாளில் "மூன்றில் ஒரு கப்" என்று படித்துவிட்டு குக்கர் கப்பில் அளந்தால் பங்கு நான்கில் ஒரு பாகம் குறைந்துவிடும். மேசைக்கரண்டியும் அப்படித்தான்: ஆஸ்திரேலியாவில் 20 மி.லி., மற்ற இடங்களில் 15.

மாவுக்கரண்டி | பிப்ரவரி 5, காலை 7.15

எல்லாரும் சோற்றிலேயே நிற்கிறீர்கள். தலைப்பு இட்லி. கணக்கு இதோ.

இட்லி அரிசி 400 கிராம், உளுந்து 100 கிராம். அரிசியில் 312, உளுந்தில் நார் போக சுமார் 51. மொத்தம் 363 கிராம் மாவுச்சத்து. அரைத்த மாவு எத்தனை இட்லி வருகிறதோ அதால் வகுக்கவும். 30 வந்தால் இட்லிக்கு 12 கிராம். அதாவது பெர்லினில் ஒன்று, லண்டனில் ஒன்றேகால் (1.2), டொரன்டோவில் முக்கால் (0.8), சென்னைத் தாளில் அரைக்கும் சற்று மேல் (0.6). தட்டுக் குழி பெரியதாக இருந்து 22 இட்லிதான் வந்தது என்றால் ஒன்றுக்கு 16.5. ஹோட்டல் இட்லிக்கு எந்தத் தாளும் உதவாது, எடை போட்டாலும் தோராயம்தான்.

தோசையைச் சுட்டபின் எடை போடாதீர்கள். முறுக விட்டால் தண்ணீர் போய்விடும். எடை குறையும், மாவுச்சத்து அப்படியே இருக்கும். மாவை எடை போடுங்கள். மேலே சொன்ன மாவு மொத்தம் 1,350 கிராம் என்றால் 100 கிராம் மாவில் 27 கிராம். 80 கிராம் கரண்டி ஒன்று ஊற்றினால் 21.5. நெய் ரோஸ்டும் சாதா தோசையும் மாவுச்சத்தில் ஒன்றே. கலோரியில்தான் நெய் விளையாடும்: ஒரு தேக்கரண்டி 5 கிராமுக்கு 45 கலோரி.

பாண்துண்டு | பிப்ரவரி 5, காலை 7.58

பிட்டுக்கும் அதே வழிதான். வறுத்த அரிசிமா 100 கிராமுக்கு 79 கிராம் எண்டு பிடியுங்கோ. தேங்காய்ப்பூ எவ்வளவு போட்டாலும் மாவுச்சத்து பெரிசா ஏறாது, 100 கிராம் தேங்காய்க்கு நார் கழிச்சு 6 கிராம்தான். ஆனால் பிட்டின்ர பாரம் ஏறும். அதால பிட்டை நிறுத்து, சோத்துக் கணக்கில எடுத்தால் பிழைக்கும். இடியப்பத்தை எண்ணிக்கையில அளக்கிறதும் சரிவராது, ஒவ்வொரு உரலுக்கும் ஒவ்வொரு அளவு. மாவை நிறுத்து, எத்தனை தட்டு வந்தது எண்டு பிரியுங்கோ.

நொய்யரிசி | பிப்ரவரி 5, மாலை 4.30

சாம்பார்?

மாவுக்கரண்டி | பிப்ரவரி 5, மாலை 6.12

அதுதான் நாடுகள் உண்மையிலேயே கட்சி பிரியும் இடம். அமெரிக்கப் பட்டியலில் வெந்த பருப்பு அரை கப் என்பது ஒரு மாவுப் பங்கும் ஒரு புரதப் பங்கும் சேர்ந்தது. இந்தியப் பட்டியலில் பருப்புக்குத் தனி வரிசை: 30 கிராம் வேகாத பருப்பு, 100 கலோரி, 6 கிராம் புரதம், 15 கிராம் மாவுச்சத்து. ஜெர்மனியின் பல பட்டியல்களில் வழக்கமான அளவு பருப்புக்குக் கணக்கே கிடையாது, ஏனென்றால் அங்கே அது எப்போதோ ஒரு நாள் சாப்பிடும் சூப்.

நமக்கு மூன்று வேளையும் பருப்பு உண்டு. இட்லிக்கு ஒரு கரண்டி சாம்பார் என்றால் விட்டுவிடலாம். பருப்பு சாதம், அடை, பொங்கல், சுண்டல் என்றால் விடக் கூடாது. அடைக்கு பருப்பும் அரிசியும் சம அளவு போட்டால் மாவுச்சத்தில் கணிசமான பங்கு பருப்பிலிருந்துதான் வருகிறது. ஜெர்மன் வழக்கப்படி அதை விட்டால் ஒரு அடைக்கு முக்கால் பி.ஈ. வரை காணாமல் போகும்.

பாலிலும் சிறு வித்தியாசம்: பிரிட்டனில் 200 மி.லி. ஒரு பங்கு, ஜெர்மனியில் 250, அமெரிக்காவில் 240 மி.லி.க்கு 12 கிராம் என்று தனிப் பங்கு. மூன்றும் ஒரே பால்தான், 100க்கு ஏறக்குறைய 5 கிராம்.

அரைக்கப் | பிப்ரவரி 6, காலை 9.05

இனி பாக்கெட். கோதுமை மாவு, கேழ்வரகு மாவு, ரவை எல்லாம் டொரன்டோ கடையில் ஒரு லேபிள், பாரிஸ் கடையில் வேறு லேபிள். அமெரிக்க, கனடிய லேபிளில் மொத்த மாவுச்சத்துக்குள் நார் அடக்கம். நார்ச்சத்து வரி உள்ளே தள்ளி எழுதியிருக்கும். கனடியத் தாள் அந்த நாரைக் கழித்துப் பங்கு போடச் சொல்கிறது. ஐரோப்பிய, பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய லேபிளில் நார் முன்பே கழிக்கப்பட்டது. தனி வரியாகக் கீழே நிற்கும். அங்கே இன்னொரு முறை கழித்தால் இரட்டைக் கழிவு.

முழுக் கோதுமை மாவு: அமெரிக்க முறையில் 72, நார் 11. ஐரோப்பிய முறையில் 61. பழக்கதோஷத்தில் 61இலிருந்தும் 11ஐக் கழித்தால் 50. நான்கு சப்பாத்திக்கு 120 கிராம் மாவு என்றால் 13 கிராம் பிசகு, ஒரு முழு பி.ஈ.க்கும் மேல்.

தராசுமுள் | பிப்ரவரி 6, காலை 11.30

எந்த முறை லேபிள் என்று தெரியாத பாக்கெட்டுக்கு, அதுவும் இறக்குமதியாளர் மேலே ஒட்டிய ஸ்டிக்கர் என்றால், உலர்ந்த மாவில் ஒரு சோதனை உண்டு. 100 கிராமுக்கான மாவுச்சத்து, புரதம், கொழுப்பு மூன்றையும் கூட்டுங்கள். உலர்ந்த மாவில் ஈரமும் சாம்பலும் (தாது உப்புகள்) சேர்ந்து 12, 13 கிராம்தான் இருக்கும். கூட்டுத்தொகை 86 பக்கம் வந்தால் நார் உள்ளே இருக்கிறது. 75 பக்கம் நின்றால் நார் வெளியே. மேலே சொன்ன கோதுமைக்குப் புரதம் 12, கொழுப்பு 2: 72+12+2 = 86; 61+12+2 = 75.

பச்சரிசி மாவு, மைதாவில் நார் மிகக் குறைவு என்பதால் இரண்டு முறையிலும் விடை ஒன்றுதான், அங்கே இந்தச் சோதனை தேவையில்லை. ஊறுகாய், தயிர், வெந்த உணவுக்குச் செல்லாது, அவற்றில் தண்ணீர் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்.

ஆஸ்திரேலிய லேபிளில் ஆற்றல் கிலோஜூலில் இருக்கும், 4.184ஆல் வகுக்கவும். 335 என்று பார்த்துப் பதற வேண்டாம், 80 கலோரிதான்.

உப்பிலும் இதே கூத்து. அமெரிக்க, இந்திய லேபிளில் சோடியம் மில்லிகிராமில். ஐரோப்பாவில் உப்பு கிராமில் (சோடியம் × 2.5). ஜப்பானிலும் உப்பாகவே எழுதுவார்கள், 2.54ஆல் பெருக்கி. உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவு, பிரிட்டன் 6 கிராம் வரை, அமெரிக்கா 2,300 மி.கி. சோடியம், அதாவது உப்பாக 5.8 கிராம்.

உலைமூடி | பிப்ரவரி 6, இரவு 8.50

சர்க்கரை நோயை விட்டு விலகி ஒன்று. பி.கே.யூ. (புரதத்தில் உள்ள ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை உடலால் சரியாகச் சிதைக்க முடியாத பிறவி நோய்) உள்ள குழந்தைகளின் உணவில் இந்த வித்தியாசம் இன்னும் கொடூரம். அவர்களுக்கு அளந்து கொடுப்பது அந்த ஃபினைல்அலனினைத்தான். பிரிட்டனில் ஒரு எக்ஸ்சேஞ்ச் (பங்கு) 50 மி.கி., அதாவது ஒரு கிராம் புரதம். வேகாத அரிசியில் 15 கிராம் சுமார். அமெரிக்காவில் ஒரு எக்ஸ்சேஞ்ச் 15 மி.கி. லண்டனில் "நாளுக்கு 6" என்பது 300 மி.கி., அமெரிக்கத் தாளில் அது 20. எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் குழந்தைக்கு மூன்றில் ஒரு பங்குகூடக் கிடைக்காது.

இன்னொன்று, 100 கிராமுக்கு 75 மி.கி.க்கு மேல் போகாத காய், பழங்களை ஐரோப்பிய வழிகாட்டுதல் அளக்காமல் கொடுக்கலாம் என்கிறது. அதையும் எண்ணும் இடத்துக்குப் போனால் அங்கே ஒதுக்கீடு பெரிதாகத் தெரியும், தட்டில் இருப்பது ஏறக்குறைய அதேதான்.

நொய்யரிசி | பிப்ரவரி 7, காலை 7.25

தாள் பற்றிக் கேட்டால் ஊசி வரைக்கும் வந்துவிட்டோம். விடுமுறைக்கு ஊருக்கு வருபவர் வேறு என்ன பார்க்க வேண்டும்?

தராசுமுள் | பிப்ரவரி 7, காலை 10.40

ஊசி என்று நீங்களே சொன்னதால்: இந்தியாவில் குப்பி இன்சுலின் இன்னும் 40 யூனிட் வகையில் கிடைக்கிறது, ஒரு மி.லி.க்கு 40. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 100. ஊசிக்குழலும் அதற்கேற்பவே: 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. 100 வகைக் குழலில் 40 வகை மருந்தை 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட். மாறாக, 40 வகைக் குழலில் 100 வகை மருந்தை 20 கோடு இழுத்தால் 50 யூனிட். இரண்டாவது உயிருக்கு ஆபத்து. இன்சுலின் பேனா வைத்திருப்பவர்கள் பேனாவையே போதுமான அளவு கொண்டுவந்துவிடுவது நல்லது.

இரத்தச் சர்க்கரை பார்க்கும் மீட்டரைக் கடன் வாங்கினால் அலகைப் பாருங்கள். இந்தியா, அமெரிக்கா, ஜப்பானில் மில்லிகிராம். பிரிட்டன், கனடா, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரேலியாவில் மில்லிமோல். 18ஆல் பெருக்கினால் மில்லிகிராம் வரும். 7 என்றால் 126.

பாண்துண்டு | பிப்ரவரி 7, மதியம் 12.15

ஜெர்மனிக்குள்ளயே ரெண்டு இருக்கு. மேற்கில மில்லிகிராம், கிழக்கில மில்லிமோல். மீட்டர் வாங்கேக்க பெட்டியைப் பாருங்கோ, சில மீட்டரில அலகை மாத்த ஏலாது.

மாவுக்கரண்டி | பிப்ரவரி 9, காலை 6.55

இட்லிக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு ஒரு குறிப்பு. உளுந்தையும் அரிசியையும் ஊறவைப்பதற்கு முன்பே எடை போட வேண்டும். ஊறியபின் 400 கிராம் என்று எடுத்தால் அதில் கால்வாசிக்கு மேல் தண்ணீர். அவல், பழைய சோறு சேர்த்து அரைப்பவர்கள் அவலையும் எழுதிக்கொள்ளுங்கள். 50 கிராம் அவலுக்கு 38 கிராம் மாவுச்சத்து, 30 இட்லியில் பிரித்தால் ஒன்றுக்கு ஒரு கிராம் கூடுதல்.